எங்கிலாகு என்று எழுதியவன்

ஆடி 20. அமாவாசை. புழுக்கம்.
வீட்டுக்காரர் போனபின் முதல் ஆடி அமாவாசை. ரேஷன் பச்சரிசியில் மீத்து வைத்தது ஒரு பிடி. பருப்பு, வாழைக்காய். கூரைமேல் வைத்தால் மலைக்குரங்கு தூக்கிவிடும். இலையை வாசலெதிரே தெருக்கல்லில் வைத்துக் கோலோடு நின்றேன். காக்கை ஒரு வாய்தான் எடுத்தது. சானிடரி இன்ஸ்பெக்டர் வந்தான். தெருவில் குப்பையா என்று பூட்ஸ் காலால் தள்ளினான். சோறெல்லாம் சாக்கடையில். பேர் எழுதிக்கொண்டான். பொங்கலன்று என் கோலத்தின்மேல் சைக்கிள் விட்டவனும் இவனே.

ஆடி 28. தூறல்.
கோர்ட்டுக் காகிதம். இங்கே எல்லாம் தெலுங்குதான். மருமகள் பள்ளிப்பட்டுக்காரி, தெலுங்கு எழுத்துத் தெரியும், படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.
"இன்னாடி?"
"எங்கிலாகுன்னு எழுதிகிறான் அத்த. எச்ச எலையாம்."
அவருக்குப் படைத்தது எச்சிலாம்.
மகன் சொல்கிறான்: "மொத தடவதானேம்மா, ஒத்துக்கினா அபராதம் கொறைப்பாங்க."
ஒத்துக்கொண்டால் எச்சில் என்றே நிற்கும். மாட்டேன்.

ஆவணி 3. திங்கள். வெயில். வெல்லம் வாங்க மறந்தேன்.
கோர்ட்டில் தீர்ப்புச் சொல்ல மூன்று பெரியவர்கள். நடுவிலிருந்தவர், "மொத தடவ. ஒத்துக்கினா ரெண்டு ரூபாய நாலணாவா கொறைக்கிறோம். இன்னாம்மா சொல்றே?"
"எவ்ளோன்னாலும் போடுங்க சாமி. எச்சன்னு எழுதினாரே, துன்னது யாருன்னு கேளுங்க."
இன்ஸ்பெக்டர் முழித்தான். "காக்கா."
"அந்தக் காக்கா யாருன்னு தெரியாதா? அவுரு நைனாவுக்கு அவுரு வைக்கிறதில்லியா?"
சனம் சிரித்தது. நடுப்பெரியவர் சிரிக்கவில்லை. குமாஸ்தாவிடம் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னார். படையல் இலை என்று எழுதினார்கள். தெருவில் வைத்தது தப்பு, அதற்கு நாலணா. கட்டினேன். எச்சில் என்று எழுதினவரே நின்று படிக்கட்டும் என்றேன். படித்தான், வாய்க்குள்ளே.
"கேக்கல," என்றேன்.
மறுபடி படித்தான்.

ஆவணி 18. அமாவாசை. மேகம்.
விளக்கெண்ணெய் தீர்ந்தது. முழங்கால் வலி. ஆனாலும் நடந்தேன். இலை வைத்தது இன்ஸ்பெக்டர் வீட்டு மதில்மேல். குரங்குக்குக் கோல் கையில். கா கா என்று கூப்பிட்டேன். கதவு திறந்தது.
"ஏம்மா, என் வூடுதான் கெடச்சுதா?"
"மதிலு தெருவா சாமி?"
கையை ஓங்கிக்கொண்டு வந்தான். உள்ளேயிருந்து அவன் தாயார், "முட்டுகோவத்துரா!" இலையைத் தொடாதே என்கிறாள். படையல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓங்கின கை இறங்கியது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றான். நானும் நின்றேன்.
காக்கை வர வெகுநேரம் ஆனது. ஆகட்டும்.