கடைசிப் பல்லவியில் இருக்கும் குரல்

14.3.1997, வெள்ளி
செங்கல்பட்டு ஸ்டுடியோவில் என் பேத்தி காயத்ரி பாடிவிட்டு வந்தாள். பாட்டின் பேர் 'உப்புக்காத்தே'. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இவள் பாடினது டிராக்காம். கேசட்டில் வரப்போவது மெட்ராஸ் பாடகி. அந்த அம்மா கேட்டுப் பழக இவள் முதலில் பாடித் தரவேண்டும். அப்புறம் இவள் குரலை எடுத்துவிடுவார்கள்.
"எடுத்து எங்க வைப்பாங்க?"
"எங்கயும் வைக்கமாட்டாங்க ஆயா. அழிச்சிடுவாங்க."
அழித்த குரல் எங்கே போகும்? யாரைக் கேட்பது?
மைக்கில் சத்தம் வருது, கண்ணாடி வளையலைக் கழட்டு என்றார்களாம். "வெள்ளிக்கெழம வெறுங்கையா நிக்கக்கூடாதுன்னு நீதான சொல்லுவ. கைக்குட்டய சுத்திகினு பாடிட்டேன்" என்றாள். அங்கேயும் என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

3.4.1997
குரல் கரகரக்கிறதாம், கேசட்டுக்கு ஆகாதாம். மியூசிக் போடும் துரை சொன்னாராம். இனிமேல் பாடமாட்டேன் என்கிறாள். பத்து வயசிலிருந்து மாரியம்மன் கோயிலில் பாடின பிள்ளை.

2.6.1997
மறைமலைநகர் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை.

9.8.1997
டீக்கடை, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் 'உப்புக்காத்தே'தான். நம் வீட்டில் மட்டும் போடக்கூடாது. போட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

23.8.1997
கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து தனியார் பஸ்ஸில் வந்தேன். வண்டியில் அந்தக் கேசட்டைப் போட்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் பாட்டை முழுசாகக் கேட்டேன். முதல் பாதி வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பல்லவி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரலில் ஒரு கரகரப்பு. 'நில்லு' என்கிற இடத்தில் உடைகிறது. அதற்குப் பின்னால் லேசாக, கிணிங் என்று ஒரு சத்தம்.
"டிரைவர் தம்பி, அந்தப் பாட்ட இன்னொருக்கா போடு."
"உன் ஊரு திருக்கழுக்குன்றம் வந்துச்சி, எறங்கு ஆயா."
"நான் எறங்கல. நீ போடு."
மாமல்லபுரம் வரைக்கும் சீட்டு வாங்கிப் போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன். டிரைவர் சிரித்தான். "கடைசில அந்தம்மா கொரலு உடையுது பாரு, அங்கதான் ஆயா எல்லாரும் அழுவாங்க. பாட்டே அதுக்குத்தான் ஓடுது."
எந்த அம்மா? நான் தூக்கி வளர்த்த பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?

30.8.1997
கேசட் வாங்கினேன். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து இரண்டு தரம் படித்தேன். தபேலாக்காரர் பேர் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி போட்டிருக்கிறது. காயத்ரி இல்லை.

5.9.1997
ஸ்டுடியோவுக்குத் தனியாகவே போனேன். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. ஏசுதாஸ் என்பவர்தான் டேப் பார்க்கிறவர். கேட்டதும் முதலில் மழுப்பினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சொன்னார்.
"மெட்ராஸ் அம்மா கடைசிப் பல்லவி பாடாமயே அவசரமா கெளம்பிட்டாங்க. மொத பல்லவியவே கடைசிலயும் ஒட்டிப் பாத்தோம். உயிரே இல்ல. உங்க பேத்தி டிராக்கு அழிக்காம கெடந்திச்சி. அத தொறந்து விட்டேன்."
"அப்ப கேசட்டுக்கு ஆவாதுன்னு ஏன் சொன்னீங்க?"
"அது அதுக்கு முந்தி சொன்னதும்மா."
"பெறவு அவ கொரலத்தான் வச்சோம்னு வந்து சொன்னீங்களா?"
கழுத்தைச் சொறிந்துகொண்டார்.
அந்தப் பெரிய டேப்பை எனக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். வரிசையாகக் குமிழ்கள். மற்றதையெல்லாம் கீழே இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் மேலே தள்ளினார். காயத்ரி. மேளம் இல்லை, வயலின் இல்லை, அவள் மட்டும். நான் தள்ளட்டுமா என்று கேட்டேன். தள்ளினால் வருகிறாள், இறக்கினால் இல்லை. இவ்வளவுதானா? ஒரு விரல் வேலையா இது?

6.9.1997
சொன்னேன். காயத்ரி நம்பவில்லை.
"கரகரப்பு எனக்கு மட்டுந்தான் இருக்குதா?"
"கெட்டிக்காரி, வளையல் சத்தத்தக் கேளுடி."
மூன்று தரம் கேட்டாள். அழவில்லை. கேசட்டை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள், "அந்த எடத்துல எனக்கு மூச்சு பத்தல ஆயா. தப்பா பாடிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்."
"அந்தத் தப்புக்குத்தான் பஸ்ஸுல அழுவறாங்க."
"என் பேரு போட்டிருக்காங்களா?"
இல்லை என்றேன். யூனிபாரத்தைத் துவைக்க எடுத்துப் போய்விட்டாள்.

சொல்லாமலே விட்டிருக்கலாமோ?

11.1.1998, ஞாயிறு
ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள் என்று காலையில் போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். மறுபடியும் டிராக்காம்.
"என் பேர போட்டு, என் கொரல வைக்கிறதுன்னா பாடறேன். இல்லன்னா எனக்கு வேல கீதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."
"அதுக்கு இன்னா சொன்னாங்க?"
"யோசிச்சி சொல்றாங்களாம். யோசிக்கட்டும்."
சொல்லிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனாள். நான் இதை எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்கிறது. இந்த வீட்டில் அவள் பாட்டுக் கேட்டு ஒன்பது மாசம் ஆயிற்று. கடைசிப் பல்லவியில் அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே குரலை உடைத்துவிட்டு மேலே போகிறாள்.
பக்கத்து வீட்டு முனியம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "லோகநாயகி, அந்தக் கேசட்ட கொஞ்சம் சத்தமா வையேன்."
"வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லடி. உள்ள பாடிகினு கீறா."