'கரண்ட் பில்' ஃபோல்டர்

அபூ ஸுஹைப்,

அஞ்சு மணிக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வர்றார். ஹார்ட் டிஸ்க் நிரம்பிப்போச்சு, நம்ம கல்யாண வீடியோவை அழிச்சாதான் வேகமாகும்னு சொன்னீங்கல்ல? அந்நிய ஆம்பளை கண்ணுல படக்கூடாதேன்னு, முக்காடில்லாத என் போட்டோவையெல்லாம் எடுக்க உக்காந்தேன். 'கரண்ட் பில்'லுனு ஒரு ஃபோல்டர். கரண்ட் பில்லுக்கு எதுக்கு இவ்வளவு இடம்னு திறந்தா, நானூறு வீடியோ! ஒண்ணுக்குப் பேரு 'சுல்தானா குளிக்கிறா.' யாரு இந்த சுல்தானான்னு போட்டுப் பார்த்தா, போன வருஷமே வித்துட்டேன்னு சத்தியம் பண்ணினீங்களே, அந்தப் புறா!

அடுப்புல பருப்பு சூப் இருக்கு.

நிஸ்ரீன்

பி.கு: சுல்தானா குளிக்கிறது நான் மக்லூபா சோறு ஆக்குற சட்டியில. அந்தச் சட்டியை என் அக்கா தூக்கிட்டுப் போயிட்டான்னீங்க. ஆறு மாசமா அவகிட்ட பேசல. இப்போ அங்கதான் போறேன். புறாவை ஒளிச்சு வச்சிருக்கிற மாடியோட சாவியும் என்கிட்டதான். புறாவுக்குத் தீனி போடணும்னா, அவ வாசல்ல வந்து கேளுங்க.