நைனா என்றால் அப்பா

என் ஆசை நைனாவுக்கு,

நீ போன பிறகுதான் நான் சப்-இன்ஸ்பெக்டர் ஆனேன். தோளில் நட்சத்திரம் ஏறிய அன்று அம்மா என்னை உன் படத்துக்கு முன்னால் நிறுத்தி சல்யூட் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். சிரித்தாயா?

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டு வந்து நீ கேட்பாய்: "நம்ம காலனியில இருந்து போலீஸுக்குப் போய் நீ இன்னா செய்யப்போற?" போன மாதம்தான் அதற்குப் பதில் கிடைத்தது. கேள்.

பதினேழு வயசுப் பெண் ஒருத்தி பள்ளிச் சீருடையோடு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள். "நைனா பேஜாரு பண்ணுது சார். கல்யாணம் வேணாம்னா வுடமாட்டேங்குது" என்றிருக்கிறாள். எழுதிக்கொண்ட ஏட்டு ராமநாதபுரத்துக்காரர். நல்ல மனிதர்தான். அவர் ஊரில் நைனா என்பது ஆள் பெயர். தெருவுக்கு நாலு நைனா முகமது இருப்பார்களாம். எவனோ தொல்லை கொடுக்கிறான் என்று நினைத்து, பத்திரமாகக் கூட்டிப்போகட்டும் என்று அவள் பள்ளி டைரியில் இருந்த நம்பரைப் பார்த்து அவள் அப்பாவுக்கே போன் போட்டுவிட்டார்.

ரோந்து முடித்து நான் நுழைந்தபோது அவள் பெஞ்சு ஓரத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏட்டு சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நைனான்னா அப்பா, ஏட்டய்யா. அவரையேதான் வரச்சொல்லியிருக்கீங்க."

அவருக்கு முகமே செத்துப்போனது.

அந்த அப்பா உறவுக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினார். வாசலை மறித்து நின்றேன். "உங்க பொண்ணு உள்ளதான் இருக்கா. இட்டுக்குனு போவ வுடமாட்டேன்" என்றேன். குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனது. கல்யாணம் நின்றது. அவள் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். ஜெயித்துவிட்டோம் நைனா! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏட்டய்யா இப்போது யார் வந்தாலும் எழுதியதைப் படித்துக் காட்டி, சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார். ஒரு ஸ்டேஷனுக்கு அவரும் வேண்டும், நானும் வேண்டும். மீனவர் குப்பத்துப் பெண் வேண்டும், இருளர் வீட்டுப் பையன் வேண்டும், வடநாட்டுத் தொழிலாளி வந்து அழுதால் அவன் பாஷை தெரிந்த ஒருவர் வேண்டும். இதைச் சொன்னால் சலுகை கேட்கிறேன் என்கிறார்கள். சலுகையா இது?

நம் காலனிப் பெண்கள் போலீஸ் தேர்வுக்காக ஏரிக்கரையில் ஓடுகிறார்கள். விசில் ஊதுவது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணும் வருகிறாள். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறாள். அவள் உடம்பில் காக்கி ஏறும்வரை என் விசில் ஓயாது. இது சத்தியம்.

உன் பெரிய பொண்ணு,
எஸ்.ஐ. தேவகி