வேலு அண்ணனின் போனை மடியில் வைத்திருந்தவளுக்கு

என் ரோசி அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது வேலு அண்ணனின் கட்டைவிரல். வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கையில் போன். அந்தக் கட்டைவிரல் மட்டும் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. நாய்க்குட்டி, பிரியாணி, யாரோ போடுகிற ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் அவர் கன்னத்தில் விழுந்த வெளிச்சம் நிறம் மாறியது. நம் கம்பெனி வேன் அப்போது பிரம்மதேசத்தை விட்டுத் திண்டிவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

நீ இருந்தவரை அந்த விரலுக்கு இப்படி ஒரு வேலை இருந்ததே இல்லை.

வேன் நின்றதும் நேராக முன் சீட்டில் ஏறி, டிரைவரிடம் கையை நீட்டி, "குடு வேலு" என்பாய். அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி போனைக் கொடுத்துவிடுவார். அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாய். முதல் நாளே நீ சொன்னதாக என் பக்கத்து சீட்டு யாமினி சொல்லுவாள்: "ஒண்ணு வண்டியப் புடி, இல்ல போனப் புடி. ரெண்டையும் புடிச்சினா நான் எறங்கி நடந்தே போறேன்."

அதிலிருந்து அவருக்கு வந்த போனெல்லாம் உனக்கு வந்தது. அவர் மனைவி சுகந்தி அவரிடம் பேசியதைவிட உன்னிடம் பேசியதுதான் அதிகம். அவர்கள் சண்டை போட்ட அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"வேலு, இன்னிக்கி ராத்திரி உனக்கு சோறு கெடையாதாம்."

"நான் கடையில துன்னுக்கிறேன்னு சொல்லுக்கா."

நீ போனை வாயருகே கொண்டு போய், "தெரியாம பேசிட்டாராம்மா, மன்னிச்சிக்கச் சொல்றாரு" என்றாய். வேனே குலுங்கியது. வேலு அண்ணன் மட்டும், "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" என்று விழுப்புரம் ரோடு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடைத்ததாம்.

எனக்கும் நீ அப்படித்தான் செய்தாய். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள், பதினெட்டு முடிந்ததும் செருப்புக் கம்பெனிக்கு வந்தவள், பேர் கேட்டாலே தலை குனிந்துகொள்கிறவள். மற்றவர்கள் ஊமையா என்று கேட்டபோது நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவளுக்குத் தோணுறப்ப பேசுவா, உடுங்கடி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. ஒருமுறை சூப்பர்வைசர் என் நம்பருக்குக் கூப்பிட்டார். போன் என் கையில் அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, பின்னால் கையை நீட்டி நீயே வாங்கிப் பேசினாய். அன்றிலிருந்து தெரியாதவர்கள் போன் வந்தால் உன் தோளைத் தொடுவேன். நீ பேசுவாய்.

இதற்கெல்லாம் நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. எழுத்தில்தான் எனக்கு வாய் திறக்கிறது. நன்றி அக்கா. உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் நிம்மதியாகத் தூங்கிய காலைகளுக்கு நன்றி. நாங்கள் எல்லோரும் தூங்கினோமே, நீ ஒரு நாளாவது தூங்கியிருக்கிறாயா?

காய்ச்சல் என்று லீவு போட்டுப் போனாய், திரும்பி வரவே இல்லை. உன்னை மாதா கோவிலிலிருந்து கல்லறைக்குக் கொண்டுபோன நாளில் வேலு அண்ணன்தான் எங்களை வேனில் அழைத்து வந்தார். வழியெல்லாம் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு உன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டுப் பைகளை அங்கே அடுக்கினோம். போன் அவர் கைக்குத் திரும்பிவிட்டது. முதலில் சுகந்தி அக்கா கூப்பிட்டால் மட்டும் எடுத்தார். அக்காவுக்கு இது நிறைமாதம், எப்போது வலி எடுக்குமோ தெரியாது. அண்ணன் எடுக்காமல் எப்படி இருப்பார்? ஆனால் பேசி முடித்த பிறகும் போன் கையிலேயே தங்கியது. அப்புறம் அந்தக் கட்டைவிரல்.

யாமினி பொறுக்க முடியாமல் கேட்டாள். "அண்ணே, ரோட்ட யாரு பாக்குறது? நாங்களா?"

"அட போம்மா. ஏரோப்ளேன் ஓட்டுற பைலட்டே செல்லு நோண்டிக்கினு போறானுங்களாம், நியூஸ்ல சொல்றான். நான் வேன்தான ஓட்றேன்."

"அவனுக்காச்சும் மேல ஆகாசம் காலியா இருக்கும்ணே. இங்க எதிர்ல கரும்பு டிராக்டர் வருது."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். நேற்று விடியாத இருட்டில் யாமினி சொன்னதே நடந்தது. எதிரில் வரவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். வேலு அண்ணன் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். பிரேக் அடித்த அடியில் உன் சீட்டிலிருந்த பைகள் எல்லாம் கீழே விழுந்து, சாம்பார் அவர் காலடிவரை ஓடியது. கண்ணாடிக்கு வெளியே கரும்புத் தோகை உரசிக்கொண்டு நின்றது. உன் சீட்டுக்கு நேர் எதிரே.

 வேலு அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். 

கம்பெனியில் இறங்கியதும் யாமினி சொன்னாள். "நாளைக்கும் இப்படித்தான்னா ஆபீஸ்ல சொல்லிடுவேன்டி. வேற டிரைவர் வரட்டும்." அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் வேலை போனால்? சொல்லாமல் விட்டு, இன்னொரு டிராக்டர் வந்தால்? நீ இருந்தால் என்ன செய்வாய் என்று நாள் முழுக்கச் செருப்புக்குப் பசை தடவிக்கொண்டே யோசித்தேன். நீ பெரிதாக எதையும் செய்திருக்க மாட்டாய். கையை நீட்டியிருப்பாய்.

உன்னைப் போல எனக்குச் சண்டையைச் சமாதானமாக மாற்றிச் சொல்ல வராது. சிரிக்க வைக்கவும் வராது. ஆனாலும் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நான் இந்த வேனில் வருகிற வரைக்கும் உன் சீட்டில் இனிமேல் பை இருக்காது.

இன்று காலை பைகளைத் தூக்கிப் பின்னால் கொடுத்துவிட்டு முன்னால் ஏறினேன். வேலு அண்ணன் என்னைப் பார்த்தார்.  கையை மட்டும் நீட்டினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு போனை அதில் வைத்துவிட்டு, கியரைப் போட்டார்.

திண்டிவனம் தாண்டியதும் அது அடித்தது. சுகந்தி என்று பேர் வந்தது.  பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் கை நீட்டவில்லை.

பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன்.

"அக்கா, அண்ணன் வண்டி ஓட்டிக்கினு இருக்காரு. நான் ரோசி அக்கா சீட்டுலருந்து பேசுறேன். சொல்லுங்கக்கா."

முன் சீட்டிலிருந்து,
உன் தங்கச்சி பவித்ரா