கோட்டுக்கு வெட்டிய போஸ்டர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவுடைய அறுபத்திரண்டு பறக்கும் தட்டுகள் எல்லாரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா, நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போ, இன்டர்நெட்டைப் பார்த்து நீயே வைத்தியம் செய்துகொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா ஏன் உம்மென்று இருந்தார் என்று கேட்டாயே, அது என்மேல் கோபம். சிரிக்காமல் படி. அவருடைய போஸ்டர் பைத்தியம் உனக்குத் தெரியாததில்லை. மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிற வீட்டில் மீட்டரைப் பார்க்கிறாரோ இல்லையோ, கதவுக்குப் பின்னால் பழைய விண்வெளிப் படத்து போஸ்டர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுவார். போன மாதம் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. பத்து வருஷமாகத் தேடியதாம். சுருண்டே கிடந்ததை நிமிர்த்துவதற்காக என் வெட்டு மேஜையில் இஸ்திரிக் கம்பளிக்கு அடியில் குப்புறப் போட்டு வைத்தார். அதை மூன்று நாள் என்னிடம் சொன்னாராம், நானும் மூன்று நாளும் ம் என்றேனாம். தையல் மெஷின் ஓடும்போது யார் எது சொன்னாலும் நான் ம் சொல்வேன், நீ கல்லூரிச் சுற்றுலாவுக்கு அப்படித்தானே அனுமதி வாங்கினாய்.

வியாழக்கிழமை நம் ஒட்டடைக்குச்சி, அதுதான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அவர் உயரத்துக்கு மாதிரி வெட்ட என்னிடம் இருந்த காகிதம் எதுவும் எட்டவில்லை. கம்பளியைத் தூக்கினால் கீழே வெள்ளை வெளேரென்று பெரிய தாள். முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று வரைந்து கத்தரித்துவிட்டேன். எவ்வளவு நல்ல தாள் என்று அப்பா வந்ததும் அவரிடமே சொல்லித் தொலைத்தேன். அவர் முதுகுத் துண்டைத் திருப்பினார். ரயிலை வெள்ளரிக்காய் மாதிரிக் கையில் பிடித்த ஒரு பச்சை ஜந்து, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அதைக் கடிக்கிற தலை காலர் துண்டில் இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, இருபது வருஷமா சேக்குறேன், இதுல ஒண்ணையாவது நீ நின்னு பாத்திருக்கியா என்று மட்டும் கேட்டார். சுருக்கென்றது. தூசி தட்டியிருக்கிறேன், பார்த்ததில்லை. அதோடு பேச்சை நிறுத்திவிட்டார், கேட்டதற்கெல்லாம் ம் என்றார்.

திங்கட்கிழமை காலையில் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு, எல்லாத்தையும் காட்டுங்க, பாக்குறேன் என்றேன். சந்தேகத்தோடுதான் எடுத்து வந்தார். மூன்று போஸ்டர் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலாவதில் முடியவில்லை. அந்த விண்வெளி வீரனுடைய உடுப்பில் கைக்குழி அவ்வளவு இறுக்கமாக இருந்தால் துப்பாக்கியை எப்படித் தூக்குவான், ஜிப்பும் இல்லை பொத்தானும் இல்லை, உள்ளே எப்படிப் போனான், அவசரத்துக்கு எப்படி வெளியே வருவான் என்று கேட்டேன். அப்பா முறைத்தார், பிறகு சிரித்தார், அப்புறம் அவரே, இந்த ராணிக்குத் தச்சிருக்கிற கவுனைப் பாரு என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுப்பில் வைத்தது கருகி, மூன்று மணிக்கு வெறும் ரொட்டியைத் தின்றோம்.

கடைசியில் வெட்டிய துண்டுகளை மேஜையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அந்த ரயிலின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குட்டி முகம் வரைந்திருக்கிறார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒரு கிழவர் மட்டும் இத்தனை அமளியிலும் தூங்குகிறார். இருக்கிறதிலேயே அதுதான் அழகு. அழுதுவிட்டேன். அப்பா, முதல்ல கோட்டைத் தச்சு முடி, அப்புறம் ஒட்டிக்கலாம் என்றார். கோட்டும் முடிந்தது, அளவு கனகச்சிதம். துண்டுகளை அட்டையில் ஒட்டி முன் அறையில் மாட்டியாகிவிட்டது, ஜந்துவுக்குத் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே எந்தக் கடையிலாவது அதே போஸ்டர் முழுசாகக் கிடைத்தாலும் வாங்கி அனுப்பாதே. வேற ஒண்ணு தேடிப் பாக்கலாமா என்று நானே அப்பாவிடம் கேட்டுவிட்டேன். வேண்டாம், நீ நின்னு பாத்தது இதைத்தானே என்று சொல்லிவிட்டார்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா