இடப்பக்க ஒட்டுப்பலகை

ஜனவரி 14, செவ்வாய்

இன்றும் கப்பல்தான். 1926 வசந்தத்தில் எங்கள் கனடா ஊரான லூனன்பர்க் துறையில் எடுத்த படம். பதினொரு பாய்க்கப்பல்கள், ஒன்றின் பெயரும் யாருக்கும் தெரியாது. யாராவது கண்டுபிடித்துத் தருவீர்களா என்று அருங்காட்சியகத்தில் கேட்டபோது முதலில் தூக்கிய கை என்னுடையது. முப்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவனுக்கு இந்த மிதப்பு தேவையா? படத்தை விரித்திருக்கும் சாப்பாட்டு மேசையை என் மனைவி க்ளெண்டா திருப்பிக் கேட்கிறாள்.

ஜனவரி 22

நாலு கப்பலுக்குப் பெயர் கிடைத்தது. தேவாலயக் கோபுரம் மட்டும் குன்றின் தப்பான பக்கத்தில் நிற்கிறது. எங்கிருந்து எடுத்துத் தொலைத்தானோ. கோபுரம் என் வேலை இல்லை.

பிப்ரவரி 6

ஆறாவது கப்பல் மாட்டிக்கொண்டது! இடது முன்பக்கத்தில் புதுப்பலகை வைத்த ஒட்டு. ‘ஏடா ரஃப்யூஸ்’ பனிக்கட்டியில் மோதி இடது முன்பக்கம் உடைந்ததாக அந்த வருஷப் பத்திரிகை சொல்கிறது. அதே இலையுதிர்காலத்தில் இருபத்திரண்டு பேரோடு போனது, திரும்பவில்லை. அதற்குப் படமே கிடையாது என்றிருந்தோம். நான் கண்டுபிடித்தேன். நான்!

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரிதாக்கிய பிரதியை வெர்னா ஹிர்ட்டிலுக்குக் கொண்டுபோனேன். எழுபத்தெட்டு வயது. அவர் அப்பா ஆம்ப்ரோஸ் அந்தக் கப்பலோடு போனபோது இவருக்கு ஒரு வயது. கல்லறைகூடக் கிடையாது.

கப்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓரத்தில், பீப்பாய்மேல் கை வைத்து நிற்கும் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். ஆட்களை அடையாளம் காண்பது என் துறை இல்லை என்றேன், பெரிய பேராசிரியர் மாதிரி. சமையலறையில் மாட்டப் போகிறாராம். ஊறவைத்த ஹெர்ரிங் மீன் ஒரு ஜாடி கொடுத்தார். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 3

தட்டு வைக்க இடம் தேடிப் படத்தை நகர்த்திய க்ளெண்டா அப்படியே நின்றுவிட்டாள். தையற்காரி.

“ஆர்வில், இந்த ஆம்பளைங்க ஏன் பொம்பளைக் கோட்டு போட்டிருக்காங்க?”

ஒன்பது பேர். ஆம்பளைக் கோட்டில் வலப்பக்கம் இருக்க வேண்டிய பொத்தான் ஒன்பதிலும் இடப்பக்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். கோபுரம் ஒழுங்காகத்தான் நின்றது, மடையா, நீதான்— ஒட்டு இருப்பது வலப்பக்கம். அது ஏடா ரஃப்யூஸே இல்லை. மற்ற ஐந்து பெயரும் தப்பு.

இரண்டு மாதம் பூதக்கண்ணாடியில் பார்த்தவனுக்கு ஒரு பொத்தான் கண்ணில் படவில்லை. வெர்னா அதைச் சமையலறையில் மாட்டிவிட்டாரே. எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

மார்ச் 4

போகவில்லை. குளிர்.

மார்ச் 5

இன்றும் குளிர்.

மார்ச் 7, வெள்ளி

க்ளெண்டாவே என் கோட்டை எடுத்துவந்து மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டாள். சரியாக அச்சடித்த படத்தோடு போனேன்.

“மன்னிச்சிடுங்க வெர்னா. அது உங்க அப்பாவோட கப்பல் இல்ல.”

சுவரில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புதுப் படத்தைக் கையில் வாங்கினார். கப்பலைத் தேடவே இல்லை. விரல் நேராகப் பீப்பாய்க்குப் போனது.

“இப்ப இது எந்தக் கை?”

இடது என்றேன். பழைய படத்தில் வலதாகத் தெரிந்தது.

“அப்பாவுக்கு இடது கையில ரெண்டு விரல் கிடையாது. தூண்டில் கயிறு அறுத்துடுச்சுன்னு அம்மா சொல்லுவா. மூஞ்சி அப்படியே கல்யாணப் படத்து மூஞ்சி. ஆனா கை மாறியிருந்துச்சு. நீதான் விவரம் தெரிஞ்சவனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பீப்பாய்மேல் மூன்று விரல். நான்தான் அழுதேன். அவர் தேநீர் போட எழுந்து போனார், அங்கிருந்து வர வெகுநேரமாயிற்று.

மார்ச் 21

அருங்காட்சியகத்தில் படத்தின் கீழே சீட்டு ஒட்டியாயிற்று. கப்பல்கள் பதினொன்று: பெயர் தெரியவில்லை. பீப்பாய் அருகே: ஆம்ப்ரோஸ் ஹிர்ட்டில். அடையாளம் கண்டவர்: மகள் வெர்னா.

என் பெயரும் வேண்டுமா என்று கேட்டார்கள். க்ளெண்டா பெயரைப் போடச் சொன்னேன்.

மீதி எட்டு முகங்களை இன்று ஆரம்பித்தேன். க்ளெண்டா மேசையைக் கேட்கவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.