விடைத்தாள் பெட்டியில் போன நகைகள்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, இறங்கும்போது சமாதானமாகிவிடுகிறது. உன் இருமல் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன மாதம் போனில் நீ ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? போகிற ஊரிலெல்லாம் ஞாபகத்துக்கு ஒரு மோதிரம், ஒரு தோடு என்று வாங்கிச் சேர்த்ததில் இழுப்பறை மூடமாட்டேனென்கிறது, எதை வெச்சுக்கிறது, எதை விடுறதும்மா என்றாய். எல்லாமே ஞாபகம்தானே, இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வேன், என் பெட்டியும் அதே லட்சணம்தானே! ஒவ்வொரு வகுப்பும் பள்ளியை விட்டுப் போகும்போது கொடுத்த சேலை ஊசி, வளையல், பாசிமாலை, நானே ஆசைப்பட்டு வாங்கியவை என்று எதையும் விட்டதில்லை. அந்தப் பெட்டியைத்தான் சென்ற வாரம் தொலைத்துவிட்டு நின்றேன். பதறாதே, கிடைத்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

திருடன் கண்ணில் படக்கூடாதென்று அந்த அட்டைப்பெட்டியின் மேல் திருத்திய விடைத்தாள்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி, நிஜமான விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே பரணில் வைத்திருந்தேன். விடைத்தாளை எந்தத் திருடன் தூக்குவான்? திருடன் தூக்கவில்லை, உன் அப்பா தூக்கிவிட்டார். நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பரணைக் காலி செய்து பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் வந்ததும், பாத்தியா எவ்ளோ இடம் என்று பெருமை வேறு. விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மேல எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தானேடி போட்டேன் என்றார்.

வண்டி பிடித்து ஓடினோம். வழியெல்லாம் என் மனசில் வேறெந்த நகையும் இல்லை, நீ செய்த மோதிரம்தான். சின்ன வயதில், அப்பா மின்விசிறியைப் பழுதுபார்த்தபோது மிஞ்சிய செப்புக் கம்பியை முறுக்கி என் விரலில் போட்டுவிட்டாயே, அது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஆனால் கொடுத்துவிடவில்லை. உங்களோடதுதான்னு நான் எப்படி நம்புறது, உள்ள என்னென்ன இருக்கு சொல்லுங்க என்றார். வாயைத் திறந்தேன். உன் பால்பல் பதிந்து பள்ளமான வெள்ளிப் பதக்கம், நானும் பெரியம்மாவும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட ஒற்றைத் தோடு, விரலில் பச்சைக் கறை விடும் கம்பி மோதிரம் என்றேன். அதோடு நின்றுவிட்டது. வளையல் என்ன நிறம், ஊசியில் என்ன வேலைப்பாடு, ஒன்றும் வரவில்லை. என்ன டீச்சர், பேப்பர் திருத்துறவங்களே இப்படி முழிக்கிறீங்க என்று சிரித்தார் அவர். அவ பாஸ்தான், கொடுத்துடுங்க என்று அப்பா கெஞ்சினார். பெட்டிக்குள் கையைவிட்டு, இந்தக் கம்பியா, குப்பைன்னு வீசப் பாத்தேன் என்று மோதிரத்தைக் கடைக்காரர் நீட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். வகுப்பு கலைந்து பல வருஷம் கழித்தும் சில பிள்ளைகளின் முகம் கூப்பிடாமலே வந்து நிற்கும். அவர்கள் முதல் மதிப்பெண் வாங்கியவர்களாக இருக்கவேண்டியதில்லை. நகையும் அப்படித்தான் போலிருக்கிறது. கடையில் நினைவுக்கு வந்த அந்த மூன்றையும் வைத்துக்கொண்டேன். கையில் எடுத்ததும் கொடுத்த பெண்ணின் குரல் காதில் விழுந்ததால் ஓர் ஊசியும் சேர்ந்துகொண்டது. மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் போய்விட்டது. பெரியம்மா பாசிமாலைகளை அள்ளிக்கொண்டு, இனிமே என் வீட்டுப் பரணுக்குக் காவல் போடணும் என்றாள். எனக்கென்னவோ உடம்பே லேசானது போல இருக்கிறது. இனி ஒன்று வாங்குவதென்றால் ஒரு நாள் ஆறப்போடுவேன். மறுநாள் அது நினைவில் இல்லையென்றால் கடையிலேயே இருக்கட்டும்.

நீ நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து வாழவேண்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இதைப் படித்ததும் இழுப்பறையைத் திறக்காமல், அதற்குள் என்னென்ன இருக்கிறதென்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்.

உன் அம்மா